78 டிகிரி வடக்கில் பிப்ரவரி மழை

2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் அக்காவும் நானும் ஸ்வால்பார்ட் போய்வந்தோம். நார்வேக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கும் தீவுக்கூட்டம். மைனஸ் இருபதுக்குத் தயாராகப் போனோம்; போன இடத்தில் மழை. தினமும் ராத்திரி எழுதிவைத்த குறிப்புகளை அடித்துத் திருத்தி இங்கே போடுகிறேன். டிக்கெட், விசா எல்லாம் ஒழுங்காக நடந்ததால் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எழுத வேண்டியது அந்த வானிலையைப் பற்றி.

பிப்ரவரி 22, டிரோம்சோ (வட நார்வே)

காலையிலிருந்து தூறல். தெருவில் கிடந்த பனி சொதசொதவென்று சேறாகி, பேருந்து போகும்போதெல்லாம் முழங்கால்வரை தெறித்தது. துறைமுகத்தில் ஒரு கிண்ணம் மீன் சூப்பும் ரொட்டியும் 195 குரோனர். ஒரு குரோனர் சுமார் எட்டு ரூபாய் என்று மனதில் பெருக்கிப் பார்த்த அக்கா, சூப்பில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. சூப் அருமை. காட் மீன், பாலாடை, மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். அவ்வளவுதான், ஆனால் மீன் அன்றைக்குப் பிடித்தது.

மாலையில் ஊறுகாய் தேடி, ஆசியச் சாமான்கள் விற்கும் சின்னக் கடை ஒன்றில் நுழைந்தோம். எங்கள் பேச்சைக் கேட்டதும் கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்தார். "இந்தியாவில இருந்தோ வாறியள்?" யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் வந்து, இன்னும் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்து மீன்பிடி ஊர்களில் அப்படி வந்து வேரூன்றிய ஈழத்தமிழர்கள் நிறைய. உள்ளே உட்காரவைத்து இஞ்சித் தேநீர் கொடுத்தார். நாளைக்கு ஸ்வால்பார்டின் பெரிய ஊரான லாங்இயர்பியன் போகிறோம், அங்கேயும் மழை என்று காட்டுகிறது என்றேன்.

"இஞ்ச மழை புதுசில்லைப் பிள்ளை. வெதுவெதுப்பான கடல் பக்கத்து ஊர். மாசிக்கும் பெய்யும். அங்க மேல பெய்யிறதுதான் பிழை."

பணம் ஊறுகாய்க்கு மட்டும் வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்து, "சப்பாத்துக்கு அடியில முள்ளு மாட்டுற சாமான் விக்கும். அங்க இறங்கின உடன வாங்கிப் போடுங்கோ. மழை பெஞ்சால் அந்த ஐஸ் பொல்லாதது" என்று சொல்லி அனுப்பினார். அக்கா தலையாட்டினாள்.

பிப்ரவரி 23, லாங்இயர்பியன்

ஒன்றரை மணி நேரப் பறப்பு. மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது ஜன்னலில் நீர்க்கோடுகள். ஓடுபாதையில் தண்ணீர் மினுங்கியது. 78 டிகிரி வடக்கு அட்சரேகை, பிப்ரவரி மாதம், விமானப் படிக்கட்டில் இறங்கும்போது முகத்தில் மழை. பின்னால் வந்த ஒரு நார்வேக்காரர் தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். சந்தோஷமான முணுமுணுப்பு அல்ல.

விடுதி வாசல் வெப்பமானியில் பிளஸ் 3. உள்ளே நுழைந்ததும் காலணியைக் கழற்றி அடுக்கில் வைக்கச் சொன்னார்கள். அருங்காட்சியகமானாலும் விடுதியானாலும் இந்த ஊரில் அதுதான் வழக்கம். நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத்திலிருந்து வருபவர்கள் கரித்தூளை வீட்டுக்குள் மிதித்துக்கொண்டு வரக் கூடாது என்று வந்த பழக்கமாம். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. கடைசியாக ஓடிய ஏழாம் எண் சுரங்கமும் 2025 ஜூனோடு சரி. பழக்கம் மட்டும் மாறவில்லை. காலணி கழற்றிய வீட்டில் அக்காவுக்கு உடனே நிம்மதி வந்துவிட்டது.

வெளியே நடப்பதுதான் பாடு. முன்பு விழுந்த பனி மிதிபட்டு ஐஸாகி, அதன்மேல் மழைத் தண்ணீர் ஒரு விரல்கடை நிற்கிறது. சரளைக்கல் தூவியிருக்கிறார்கள், அதுவும் தண்ணீரில் ஒதுங்கிவிடுகிறது. பெரிய கடைக்குப் போய் காலணியில் மாட்டும் இரும்பு முள் ஒரு ஜோடி வாங்கினோம், 299 குரோனர். இரண்டாவது ஜோடி இல்லை. காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். அக்கா தன் காலணியே போதும் என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் மூத்தவள் பேச்சு.

கல்லாவில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் எங்கள் கனத்த கோட்டுகளைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் இது தேவைப்படாது, மன்னிக்கவும்" என்றாள். வானிலைக்காக ஒரு கடைக்காரர் மன்னிப்புக் கேட்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. எட்டு வருடமாக இங்கே இருக்கிறாளாம். மைனஸ் இருபதில் எல்லாம் தெளிவாக இருக்கும், காய்ந்திருக்கும், ஸ்னோ ஸ்கூட்டரில் எங்கும் போகலாம். மழை வந்தால் ஊர் முழுக்க அடைபட்டுப் போகும் என்றாள்.

சூரியன் இந்த மாத நடுவிலேயே அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டான். ஊரைச் சுற்றி மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகும். அன்றைக்குப் பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் ஊரே கூடி நின்று வரவேற்குமாம். இப்போது பகல் என்பது சில மணி நேர நீல வெளிச்சம். அதையும் மேகம் தின்றுவிட்டது.

பிப்ரவரி 24

நாய் வண்டிப் பயணம் ரத்து. அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கில் ஆற்று ஐஸின்மேல் தண்ணீர் ஓடுகிறது, சறுக்கு வண்டி இறங்க முடியாது என்று காலையிலேயே செய்தி வந்தது. பாதிப் பணம் திருப்பித் தந்தார்கள். விருப்பமிருந்தால் நாய்ப் பண்ணைக்கு வந்து பார்க்கலாம் என்றார்கள். போனோம்.

நாய்கள் தங்கள் மரக்கூண்டுகளின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன, தரையெல்லாம் சகதி என்பதால். உடல் நனைந்து முடி ஒட்டிப்போய்க் கிடந்தது. இவை மைனஸ் பதினைந்து, இருபதில் உற்சாகமாக ஓடும் இனம். எங்கள் வழிகாட்டி ஸ்வீடனிலிருந்து வந்து ஆறு குளிர்காலம் இங்கே கழித்த பெண். துணியால் ஒவ்வொன்றின் பாதத்தையும் துடைத்து, விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு நாயின் பாதத்தை என் கையில் கொடுத்தாள். விரல்களுக்கு நடுவே தோல் ஊறி வெளுத்திருந்தது. உறையும் குளிரில் பாதம் காய்ந்தே இருக்கும், இந்த ஈரம்தான் கெடுதல் என்றாள்.

அப்புறம் ஒரு குடிலுக்குள் உட்காரவைத்து, சூடாக்கிய பழச்சாறு ஊற்றிக் கொடுத்து, கைப்பேசியில் வானிலை வரைபடத்தைக் காட்டினாள். நான் இந்தப் பயணத்தில் கற்றதில் பாதி அந்தக் குடிலில் கற்றது.

மேற்கே ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கிழக்கே ஸ்காண்டினேவியா பக்கம் ஓர் உயர் அழுத்தம். வட கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகவும், உயர் அழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாகவும் சுழலும். அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் இரண்டுமே காற்றை வடக்கு நோக்கித்தான் தள்ளும். அந்தச் சந்து அட்லாண்டிக்கின் வெப்பமான கடல்மேல் திறந்து, நேராக ஸ்வால்பார்டை நோக்கி வந்து முடிகிறது. உயர் அழுத்தம் சீக்கிரம் நகராது. அது உட்கார்ந்திருக்கும்வரை ஒரு தாழ்வு போனால் அடுத்த தாழ்வு அதே வழியில் வரும். நம் ஊரில் தாழ்வு மண்டலம் என்றால் மழையும் குளிர்ச்சியும். இங்கே அது கொண்டுவருவது மழையும் சூடும்.

காற்று தன்னோடு கொண்டுவரும் சூடு ஒரு பங்குதான். அது சுமந்துவரும் நீராவிக்குள் இன்னொரு பங்கு ஒளிந்திருக்கிறது: கடல்நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தை, மேகமாகி மழையாகும்போது காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. மூன்றாவது மேகம். சூரியன் இல்லாத காலத்தில் பனித்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இங்கே அவ்வளவு குளிர். மேகம் மூடினால் அந்த வெப்பம் தரைக்கே திரும்புகிறது. மார்கழியில் மூட்டம் போட்ட ராத்திரி நமக்குக் குளிர் தெரியாது, வானம் தெளிந்த ராத்திரிதான் விடியற்காலை நடுக்கும். அதே கணக்குதான், அளவுதான் பல மடங்கு.

"இந்த மாத ஆரம்பத்தில் துருவத்துக்குப் பக்கத்திலேயே இது போய்ச் சேர்ந்தது" என்றாள். அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன். பிப்ரவரி 2 அன்று ஐஸ்லாந்து அருகே இருந்த ஒரு வலுவான தாழ்வு, வட துருவத்தை ஒட்டிய பகுதியை வழக்கத்தைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உருகுநிலைக்குக் கொண்டுவந்தது. 2015 டிசம்பர் கடைசியிலும் அப்படித்தான். மைனஸ் 25, 30 இருக்க வேண்டிய இடம் ஓரிரு நாள் பூஜ்யத்தைத் தொட்டது. 2018 பிப்ரவரியில் கிரீன்லாந்தின் வடகோடியில் உள்ள மோரிஸ் ஜெசப் முனையில் 6 டிகிரிவரை ஏறியது. அந்த ஆண்டு மேலே அடுக்குமண்டலத்தில் துருவத்தைச் சுற்றிச் சுழலும் குளிர்காற்று வளையமான துருவச் சுழல் இரண்டாகப் பிளந்து, வடக்கே இருந்த குளிர் ஐரோப்பாமேல் இறங்கியது நினைவிருக்கும். ஐரோப்பா நடுங்கிய வாரத்தில் கிரீன்லாந்தின் முனை உருகிக்கொண்டிருந்தது.

தாழ்வு வடக்கே ஏறுவது புதிதல்ல. நார்வேயின் துருவப் பயணி நான்சென் தன் ஃப்ராம் கப்பலை ஐஸோடு உறையவிட்டு மிதந்த 1893–96 காலத்திலேயே குளிர்காலத்தின் நடுவே இப்படித் திடீர்ச் சூடு வந்ததைக் குறித்துவைத்திருக்கிறார்கள். வேறுபாடு இப்போது அடிக்கடி வருவதும், அதிக நாள் தங்குவதும். வழியில் ஐஸாக இருந்த கடல் இன்று திறந்து கிடக்கிறது. ஐஸ்மேல் வந்தால் காற்று ஆறும். திறந்த நீர்மேல் வந்தால் ஆறாது. லாங்இயர்பியன் பக்கத்தில் மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியான ஐஸ்ஃபியோர்டே இருபது வருடமாக ஒழுங்காக உறைவதில்லை என்று அவள் சொன்னபோது, குரல் இறங்கிவிட்டது.

இரவு ஒரு தாய்லாந்து உணவகம். இந்த ஊரில் தாய்லாந்துக்காரர்கள் கணிசம். பப்பாளிக்காய்ச் சாலட்டும் சோறும் ஒருத்திக்கு 210 குரோனர். காரம் எவ்வளவு என்று கேட்டார்கள், அக்கா ஐந்து விரலையும் காட்டினாள். சமையல்கார அம்மா வெளியே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கேட்காமலே ஒரு கிண்ணம் மிளகாய்க் குழம்பு வந்தது, அதற்குக் காசு இல்லை.

பிப்ரவரி 25

காற்று. ராத்திரி முழுக்க ஜன்னல் அடித்துக்கொண்டது. காலையில் கொஞ்சம் ஓய்ந்ததும் சுக்கர்டாப்பன் மலையடிவாரம்வரை நடந்தோம். ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் சின்ன மலை. 2015 டிசம்பர் 19 அன்று இதன் சரிவிலிருந்து இறங்கிய பனிச்சரிவு 11 வீடுகளைத் தள்ளிப்போட்டது. இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று குழந்தை. அது மழையால் வந்ததல்ல, புயற்காற்று ஒரே ராத்திரியில் சரிவின்மேல் பனியைக் குவித்ததால் வந்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும் சரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. இப்போது சரிவு நெடுக எஃகுத் தடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. அடிவாரத்தில் வீடுகள் இருந்த இடம் வெறும் வெளி. கையில் பையோடு போன ஒரு பாட்டி நின்று, நாங்கள் கேட்காமலே, "இங்கே நிற்காதீர்கள், மழை நாளில் மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பனிக்குள் மழைநீர் இறங்கிக் கனம் கூடினால் சேறாகவே வழிந்து இறங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து டாக்ஸியில் விதைக் காப்பகம். வெளிவாசலோடு சரி, உள்ளே யாரையும் விடுவதில்லை. மலையில் செருகிய கான்கிரீட் முகப்பு, மேலே நீலமாக மினுங்கும் கண்ணாடி வேலை. உள்ளே மைனஸ் 18ல் உலகத்து விதைகள். ஐதராபாத் பக்கம் படான்செருவில் இருக்கும் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் அனுப்பிய சோளமும் கம்பும் கொண்டைக்கடலையும் இங்கேதான் இருக்கின்றன. 2008ல் திறந்தபோது, சுற்றியுள்ள நிரந்தர உறைநிலமே இயற்கைக் காவல், மின்சாரம் போனாலும் விதை கெடாது என்று கணக்குப் போட்டார்கள். 2016 அக்டோபரில் சூடும் மழையும் சேர்ந்து வந்ததில் நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தது. விதை அறைவரை போகவில்லை. பிறகு சுரங்கத்தையே நீர் புகாதபடி மாற்றிக் கட்டினார்கள். நாங்கள் நின்ற நேரத்தில் முகப்பின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா தன் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து அந்தக் கான்கிரீட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளுக்கு விதை என்றால் அப்படி. அப்பாவின் நெல் மூட்டைகளோடு வளர்ந்தவள்.

திரும்பி இறங்கும்போதுதான் அது நடந்தது. டாக்ஸிக் கதவைப் பிடிக்கக் கை நீட்டிய அக்காவின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் வழுக்க, கையூன்றி விழுந்தாள். "அம்மா!" என்ற குரல் அந்த மலையில் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். டாக்ஸிக்காரர் பதறவில்லை. தன் கால் முள்ளைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கி, அவளை எப்படித் தூக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இந்த வாரம் நிறையப் பேர் என்றார் செவிலி. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டுச் சுளுக்கு. கட்டுப் போட்டார்கள். டாக்ஸிக்காரர் காத்திருந்தார், காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்கவில்லை. விடுதிக்கு வந்தால், அங்கே தங்கியிருந்த ஜெர்மன் பெண் ஒருத்தி தன் இரும்பு முள்ளைக் கழற்றி அக்காவின் காலணி பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ராத்திரி பத்து மணிக்கு மேகம் விலகியது. வாசலில் நின்று பார்த்தேன். நட்சத்திரங்கள், அவற்றின் நடுவே மெல்லப் பச்சை. துருவ ஒளிதான், ஆனால் நான் சொல்ல வந்தது வெப்பமானியை. மேகம் இருந்தபோது பிளஸ் 2. வானம் திறந்து ஒரு மணி நேரம் போவதற்குள் மைனஸ் 1. பன்னிரண்டு மணிக்கு மைனஸ் 4, படிக்கட்டில் இருந்த ஈரம் கண்ணெதிரே கண்ணாடியாகியது. அப்புறம் தெற்கிலிருந்து மறுபடி மேகம் ஏறி வந்தது, காற்றும் எழுந்தது. ஒன்றரை மணிக்கு நடுராத்திரியில், சூரியன் எங்கோ கிடக்க, வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டி மேலே போனது. குடிலில் கைப்பேசியில் பார்த்ததை வாசலில் நின்று கண்ணால் பார்த்தேன். பகல் ராத்திரிக்கும் சூட்டுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை, எந்தப் பக்கத்துக் காற்று, தலைக்கு மேல் மேகமா இல்லையா, அதுதான் எல்லாம்.

பிப்ரவரி 26

காலையில் விடுதிக்குப் பின்னால் ஒரு மான். ஸ்வால்பார்ட் பனிமான் குட்டைக் கால், உருண்டை உடம்பு, ஆளைக் கண்டால் ஓடுவதில்லை. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. நிறுத்தியது. இரண்டடி தள்ளிப் போய் மறுபடி சுரண்டியது. போகட்டும் என்று காத்திருந்து, அது நகர்ந்ததும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். மேலே மெல்லிய ஈரப் பனி. அதன் கீழே ஐஸ், கண்ணாடிபோலத் தெளிந்தது. அதற்கும் கீழே பாசியும் ஒரு துண்டுப் புல்லும் அப்படியே தெரிகிறது. குளம்பு பட்ட இடத்தில் நாலு வெள்ளைக் கோடுகள் மட்டும். என் காலணி முள்ளால் ஓங்கி மிதித்தேன். சில்லு பெயர்ந்தது, புல்வரை போகவில்லை.

மழை பனிக்குள் இறங்கித் தரையில் உறைவதால் வரும் வினை இது. பனி எவ்வளவு ஆழம் இருந்தாலும் மான் தோண்டிவிடும். ஐஸைத் தோண்ட முடியாது.

மத்தியானம் காபிக் கடையில் எதிர் மேசைப் பையன் இங்குள்ள பல்கலைக்கழக மையத்தில் படிப்பவன். காபி 48 குரோனர், இலவங்கப்பட்டை ரொட்டி 55. அவன் எங்கள் ரொட்டியைப் பார்த்த பார்வையில் அக்கா பாதியைப் பிட்டு நீட்டிவிட்டாள். வாங்கிக்கொண்டான். மானைப் பற்றிச் சொன்னதும் 2012 ஜனவரிக் கடைசியைச் சொன்னான். அந்த மழையில் இங்கிருந்து வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நீ-ஓலெசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் பெய்தது. அந்த ஊருக்கு ஒரு வருடத்துக்கே கிடைப்பதில் கால் பங்கு. தரையெங்கும் ஐஸ் கட்டி மான்கள் பட்டினியில் செத்தன. 2019 கோடையில் எண்ணியபோதும் இருநூற்றுக்கும் மேற்பட்ட மான்கள் செத்துக் கிடந்தன. முந்தைய டிசம்பரில் மழை பெய்திருந்தது. மான் மட்டுமல்ல. கல்கோழியும் எலியும் அதே வருடத்தில் குறையும். செத்த மானைத் தின்று அந்த வருடம் கொழுக்கும் நரி, அடுத்த வருடம் குறையும். எல்லா உயிரையும் ஒரே மழை கட்டி இழுக்கிறது. மோசமான குளிர்காலத்தில் சில மான்கள் கடற்கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்று பிழைக்கின்றன என்றான். அது அவற்றின் உணவல்ல, வேறு வழியில்லாமல்.

நீ-ஓலெசுண்டு பேர் வந்ததும் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. வெகுகாலம் கோடையிலும் முன்பின்னும்தான் நம் ஆட்கள் இருப்பார்கள். 2023 டிசம்பரிலிருந்துதான் குளிர்காலத்திலும் அனுப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 2014ல், அந்த ஊரின் ஃபியோர்டுக்குள் நீருக்கடியில் அளவுக் கருவிகளை இறக்கி, அட்லாண்டிக் வெப்பநீர் எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்க்கிறார்கள். அவனுக்கு ஹிமாத்ரி வாசலில் இருக்கும் இரண்டு சிங்கச் சிலைகளைத் தெரிந்திருந்தது. இருட்டில் ஆள் இருந்து அளந்தால்தான் இந்த மழையெல்லாம் கணக்கில் ஏறும், அங்கே குளிர்காலத்தில் ஆட்கள் போதாது என்றான்.

இரவுச் சாப்பாடு விடுதியில் பனிமான் குழம்பு, உருளைக்கிழங்கு மசியல், சிவப்புப் பழ ஜாம். காலையில் பார்த்த மானின் நினைப்பில் என்னால் தொட முடியவில்லை. சமையற்காரர் ஒன்றும் கேட்கவில்லை; தட்டை எடுத்துக்கொண்டு போய் மீன் வைத்துக் கொண்டுவந்தார்.

பிப்ரவரி 27

மழை நின்று, ஈரக்காற்று. விமான நிலையப் பேருந்தில் எல்லோருடைய காலணியிலும் சகதி. அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, ஜன்னல் வழியே உறையாத ஃபியோர்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏண்டி, இவ்வளவு தூரம் வந்து பனியைப் பார்க்கலன்னு யார்கிட்டயும் சொல்லாத. பார்த்ததைச் சொல்லு" என்றாள். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட்டில் சேர்த்தது

ஜூலையில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிராட்லியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய குறிப்பு ஒன்று வந்தது. நாங்கள் போன அதே பிப்ரவரியில் நீ-ஓலெசுண்டில் பனி மாதிரி எடுக்கப் போனவர்கள். போனால் தரையெங்கும் உருகிய நீர்க் குட்டைகள். மேல்மண்ணைக் கரண்டியால் அள்ள முடிந்ததாம். அந்த மாதச் சராசரி மைனஸ் 3.3 டிகிரி, 1961–2001 காலத்தில் அந்த ஊருக்கு அதே பருவத்தில் மைனஸ் 15. 28 நாளில் 14 நாள் பூஜ்யத்துக்கு மேலே ஏறியிருக்கிறது, உச்சம் 4.7. ஸ்வால்பார்ட் உலகச் சராசரியைப்போல ஆறேழு மடங்கு வேகத்தில் சூடாகிறது என்றும், குளிர்காலச் சூட்டை இனி எப்போதாவது வரும் விதிவிலக்காக எண்ணக் கூடாது என்றும், குளிர்காலத்தில் அளப்பதற்குப் பணமும் ஆளும் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். காபிக் கடைப் பையன் சொன்ன அதே விஷயம்.

எங்கள் வாரம் ஒரு தாழ்வும் ஓர் உயர் அழுத்தமும் சேர்ந்து கொண்டுவந்தது, நாலு நாளில் கலைந்திருக்கும். அடியில் இருக்கும் கடலும் நிலமும் ஏற்கெனவே சூடேறிக் கிடப்பதால்தான் முன்பு பனியாக விழுந்திருக்கக்கூடியது எங்கள்மேல் மழையாக விழுந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் பார்த்தது முழுதாகிறது.

அக்காவின் மணிக்கட்டு சரியாகிவிட்டது. ஹிமாத்ரிக்கு ஆள் அனுப்புவது கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம். இந்திய ஆய்வாளர்களிடமிருந்து ஆர்க்டிக் ஆய்வுத் திட்டங்களைக் கேட்டு அவர்கள் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். வளிமண்டலமோ கடலோ படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், கோடைக்கு மட்டுமல்ல, குளிர்காலத்துக்கும் திட்டம் எழுதிப் போடச் சொல்லுங்கள்.